ஓரிகன் மாநிலத்து மெட்ராஸ்: பெயர் வந்த வழி என்ன, தமிழில் எவ்வாறு எழுதுவது?

மெய்ப்பாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வானியல் நூலொன்றின் தமிழ் மொழிபெயர்ப்புக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை கடந்து சென்ற முழுச் சூரிய கிரகணத்தைப் பற்றிய அத்தியாயத்தில், “ஓரிகன் மாநிலத்தின் சென்னை நகரில் முழு மறைப்பு இரண்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக நீடித்தது” என்றொரு வாக்கியம் வந்தது. முதலில் மொழிபெயர்ப்பாளர் உறக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டார் என்றே நினைத்தேன். மூலத்தைப் பார்த்தபோதுதான் அங்கே உண்மையாகவே ‘மெட்ராஸ்’ என்று ஓர் ஊர் இருப்பதும், பதிப்பகத்தின் பழைய வழக்கப்படி ‘மெட்ராஸ்’ என்று வரும் இடங்களையெல்லாம் கணினி ‘சென்னை’ என்று மாற்றிவிட்டதும் புரிந்தது. அதே அத்தியாயத்தின் அடிக்குறிப்பில் ‘சென்னை உயர் நீதிமன்றம்’, ‘சென்னை ஐஐடி’ என்பவையும் இருப்பதால், எதை விடுவது, எதைத் திருத்துவது என்பதில் எனக்கே இப்போது குழப்பம் வந்துவிட்டது.

என் ஐயங்கள் இவை. அந்த அமெரிக்க ஊருக்கு நம் ஊரின் பெயர் எவ்வாறு சென்றது? நம் நாட்டிலிருந்து எவரேனும் அங்கே குடியேறினார்களா? அங்குள்ளவர்கள் அப்பெயரை எவ்வாறு ஒலிக்கிறார்கள்? தமிழில் எழுதும்போது நமக்குப் பழகிய ‘மெட்ராஸ்’ என்ற வடிவத்தையே வைத்துக்கொள்ளலாமா, அல்லது அவர்கள் ஒலிப்பை ஒட்டி வேறு வடிவம் தர வேண்டுமா?

வில்லமெட்_வாசி

நான் பதினொரு ஆண்டுகளாகப் போர்ட்லண்டில் வசிக்கிறேன். நீங்கள் கேட்கும் ஊருக்கு நாலைந்து முறை சென்றிருக்கிறேன். அது போர்ட்லண்டிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 120 மைல் தொலைவில், காஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டிய வறண்ட மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து 2,200 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஜெபர்சன் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) தலைநகரம் என்றாலும் சிற்றூர்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 7,456 பேர். கடற்கரையும் கிடையாது, துறைமுகமும் கிடையாது. பெயரைக் கேட்டு மெரினாவை எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு, மேற்கே பனி மூடிய ஜெபர்சன் சிகரமும், சுற்றிலும் கேரட் விதைக்காகப் பயிரிடப்பட்ட வயல்களுமே காட்சி தரும்.

நம்மவர்கள் குடியேறியதால் வந்த பெயர் அன்று இது. வட்டமான பள்ளத்தாக்கில் அமைந்திருந்ததால் தொடக்கத்தில் அவ்விடத்தைப் ‘பேசின்’, அதாவது கிண்ணம் போன்ற தாழ்நிலம் என்று அழைத்தார்கள். 1902ஆம் ஆண்டில் ஜான் பால்மென் என்பவர் மனைகளாகப் பிரித்து ஊருக்கு வரைபடம் பதிவுசெய்தபோது, அவர் பெயரை ஒட்டிப் ‘பால்மெய்ன்’ என்று வைத்தார்கள். ஆனால் அஞ்சல் துறை அதை ஏற்கவில்லை. ஓரிகனிலேயே ‘பால்மர்’ என்று வேறோர் ஊர் இருந்ததால் கடிதங்கள் இடம் மாறிப் போகும் என்பது காரணம். அக்காலத்து அமெரிக்காவில் ஓர் ஊரின் பெயரை உறுதிசெய்ததில் ஊராரை விட அஞ்சல் துறைக்கே பெரும்பாலும் அதிகாரம் இருந்தது என்று சொல்லலாம். கடிதம் வராத பெயரால் பயன் என்ன? 1903இல் ‘மெட்ராஸ்’ என்ற பெயர் நிலைபெற்றது.

அந்தச் சொல்லை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. இந்தியாவிலிருந்த நகரத்தின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. ஊர்க் கடையில் இருந்த துணிச்சுருள் ஒன்றின் மீது ‘மெட்ராஸ்’ என்ற சொல் இருந்ததாகவும், புதுப்பெயர் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே கைகொடுத்ததாகவும் சொல்வது மற்றொன்று. ஊரில் விசாரித்தால் பெரும்பாலும் துணிக்கதையைத்தான் சொல்வார்கள். கேட்பவர் இந்தியராக இருந்தால் சற்றுக் கூடுதல் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் பெயர் வைப்பது அவ்வளவு கனமான காரியமாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் வாழும் நகரத்துக்குப் பாஸ்டனா, போர்ட்லண்டா என்பதை 1845இல் இரு நில உரிமையாளர்கள் நாணயம் சுண்டித்தான் முடிவுசெய்தார்கள். மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டிலிருந்து வந்த பெட்டிகுரோவ் வென்றார். மாசசூசெட்ஸ்காரரான லவ்ஜாய் தோற்றார். அந்தக் காசு இன்றும் ஓரிகன் வரலாற்றுச் சங்கத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

ஒலிப்பைப் பொறுத்தவரை, முதலசையை அழுத்தி, இரண்டாம் அசையை விழுங்கினாற்போல ‘மேட்ரஸ்’ என்றுதான் அங்கே சொல்கிறார்கள். ‘ராஸ்’ என்று நீட்டினால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

தறிவீட்டுப்_பெண்

துணிக்கதையைக் கேட்டு எனக்கு வியப்பில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடியது என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று, ஒரு துணி வகையின் பொதுப்பெயரும் ஆகும். நெய்வதற்கு முன்பே சாயம் தோய்த்த பருத்தி நூலைப் பாவிலும் (நெடுக்கு இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) நிறம் மாற்றி மாற்றி வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலத் தெரியும்படி கட்டம் விழ நெய்த மெல்லிய துணியை அப்பெயரால் அழைக்கிறார்கள். 1897ஆம் ஆண்டிலேயே சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலில் ‘மெட்ராஸ்’ சட்டைகள் இருந்தன. ஓரிகனின் உட்பகுதியில் ஒரு கடையில் 1903ஆம் ஆண்டில் அத்துணி இருந்திருப்பது மிகவும் இயல்பானதே.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. துணியை நெய்தவர்கள் எவரும் அதை ‘மெட்ராஸ்’ என்று அழைத்ததில்லை. எங்கள் வீட்டில் அது கட்டம் போட்ட துணி. கட்டத்தின் அளவையும் நிறத்தையும் பொறுத்துத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கப்பலில் ஏற்றிய துறைமுகத்தின் பெயரை வாங்கியவர்கள்தான் துணியின் மீது ஏற்றினார்கள். கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் பெயரால் ‘காலிகோ’ வந்தது. பழவேற்காட்டை ஐரோப்பியர் ‘புலிகாட்’ என்று சொன்னதால் அங்கிருந்து சென்ற கைக்குட்டைத் துணியும் ‘புலிகாட்’ ஆயிற்று. நைஜீரியாவில் திருமணங்களுக்கு உடுத்தும் ‘ஜார்ஜ்’ துணியின் பெயர் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது என்பார்கள். சென்னையைச் சுற்றிய ஊர்களிலும் ஆந்திரத்துச் சீராலாவிலும் நெய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய சதுரத் துணி ‘அசல் மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற வணிகப் பெயரால் அறியப்பட்டது. அங்கே அதை எவரும் கைக்குட்டையாகப் பயன்படுத்தவில்லை, இடுப்பில் உடுத்தினார்கள். கரிபியத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் பெண்கள் தலையில் கட்டும் கட்டத்துணிக்கு இன்றைக்கும் பெயர் ‘மத்ராஸ்’ என்பதே.

அமெரிக்காவில் இத்துணி பெரும் புகழ் பெற்றது பின்னாளில், 1950களின் இறுதியிலும் 1960களிலும்தான். துவைத்தால் சாயம் போகிறது என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தபோது, சாயம் கசிந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதே இதன் தனிச்சிறப்பு என்று விளம்பரம் செய்து, குறையையே விற்பனைச் சரக்காக்கிவிட்டார்கள். எங்கள் அப்பா இதைக் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். சாயம் போன துணிக்கு அவர் கூலியைத் திருப்பிக் கொடுத்த நாள்கள் உண்டு.

‘மேட்ரஸ்’ என்று முதலசையை அழுத்திச் சொல்வது அமெரிக்கர்கள் துணியைக் குறிக்கும்போது சொல்லும் ஒலிப்புகளில் ஒன்று. ஆங்கிலேயர்கள் நகரத்தைக் குறிக்கும்போது இரண்டாம் அசையை அழுத்தி, நீட்டிச் சொன்னார்கள். எனவே, ஊரின் ஒலிப்பே அது நகரத்திலிருந்து வரவில்லை, துணியிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்றாகும் என்பது என் கருத்து.

ஊர்ப்பெயர்_ஆர்வலர்

அம்மையாரின் பதிவில் துணியைப் பற்றிய பகுதி அருமையானது. நான் அறியாத செய்திகள் பல அதில் இருந்தன. இறுதியில் கூறிய முடிவை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

அமெரிக்காவில் வெளிநாட்டு நகரங்களின் பெயர் தாங்கிய ஊர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றில் பலவற்றின் ஒலிப்பு மூலத்திலிருந்து விலகியே இருக்கிறது. ஓஹியோவின் ‘லிமா’ பெரு நாட்டுத் தலைநகரின் பெயரைக் கொண்டது. உள்ளூரில் அது ‘லைமா’. எகிப்தியத் தலைநகரை நினைத்துப் பெயரிட்ட இலினாய் மாநிலத்து ஊரை அங்குள்ளவர்கள் ‘கேரோ’ என்கிறார்கள். கென்டக்கியின் வெர்சாய், ‘வெர்சேல்ஸ்’ ஆகிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் ‘டெல்லி’ என்று எழுதும் ஊர் ஒன்று உண்டு. எபனேசர் ஃபூட் என்ற உள்ளூர்ப் பெரும்புள்ளியை ‘மொகலாய மாமன்னர்’ என்று பட்டம் சூட்டி அழைத்து வந்ததால், அவரைச் சிறப்பிக்க மொகலாயரின் தலைநகரப் பெயரை வைத்தார்கள். அப்பெயர் ‘டெல்ஹை’ என்று ஒலிக்கப்படுகிறது. எல்லாவற்றையும் விட நெருக்கமான எடுத்துக்காட்டு மிசௌரியின் ‘நியூ மேட்ரிட்’. 1811-12ஆம் ஆண்டுகளின் பெரும் நிலநடுக்கங்களால் அறியப்பட்ட அந்த ஊர் ஸ்பெயின் தலைநகரின் பெயரைத் தாங்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே அழுத்தம் முதலசைக்கு மாறிவிட்டது. மேட்ரிட்டுக்கு நேர்ந்தது மெட்ராஸுக்கும் நேர்ந்திருக்கலாம் அல்லவா? ஆகவே ஒலிப்பை வைத்து இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. நூலில் இரண்டையும் குறிப்பிட்டு, துணிக்கதையே பரவலாக வழங்குகிறது என்று எழுதுவதே நேர்மை.

எவ்வழியில் வந்திருந்தாலும் சொல் ஒன்றுதான் என்பதும் கவனிக்கத்தக்கது. துணிக்குப் பெயர் தந்ததும் நகரமே; ஆகையால் ஓரிகன் ஊர் நம் நகரத்தின் மகளா, பேத்தியா என்பதுதான் வினா. இத்தகைய பேத்திப் பெயர்கள் அங்கே ஏராளம். ஓரிகனில் உள்ள லெபனான் என்ற ஊருக்கு, அதை அமைத்தவர் டென்னசி மாநிலத்தில் தாம் பிறந்த லெபனான் என்ற ஊரின் பெயரை வைத்தார். விவிலியத்து லெபனான் அதற்கும் முந்தைய படி. நேரடியாகச் சென்ற பெயர்களும் இல்லாமலில்லை. நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் உள்ள ‘பம்பாய்’ என்ற ஊருக்கு மைக்கேல் ஹோகன் என்ற தொடக்ககால நில உரிமையாளர், தம் மனைவி வாழ்ந்த நகரத்தின் நினைவாக அப்பெயரை வைத்தார்.

‘மெட்ராஸ்’ என்ற சொல்லின் அடிப்பொருளை நூலில் விளக்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. மதராசபட்டினம் என்ற பெயர் மீனவர் தலைவர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது, போர்த்துகீசியக் குடும்பப் பெயரிலிருந்து வந்தது, மதரஸா என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பலரும் பலவாறு வாதிட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையைக் கிரகண அத்தியாயத்துக்குள் கொண்டுவருவதால் வாசகருக்கு ஒரு நன்மையும் இல்லை. 1903ஆம் ஆண்டில் ஓரிகனில் பெயர் வைத்தவர்களுக்கு அச்சொல்லின் வேர் எதுவென்ற கவலை இருந்திருக்காது. எழுதச் சுருக்கமானது, அஞ்சல் துறை மறுக்காதது, காதுக்குப் புதியது என்ற தகுதிகளே போதுமானவையாக இருந்திருக்கும்.

சேலத்து_ஆசிரியர்

இடையில் ஒரு சிறு குறிப்பு. அதே கிரகணத்தின் முழு மறைப்புப் பாதையில் ஓரிகனின் தலைநகரமான ‘சேலம்’ நகரமும் இருந்தது. மெய்ப்பாளர் ஐயா அந்த இடத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஏதேனும் ஒரு கை அதைத் ‘தமிழ்நாட்டின் சேலம்’ என்று திருத்தியிருந்தாலும் வியப்பதற்கில்லை. ஓரிகனின் சேலம் விவிலியத்தில் எருசலேமைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அமைதி என்ற பொருளுடைய எபிரேயச் சொல்லோடு தொடர்புபடுத்தப்படுவது. எங்கள் மாங்கனி நகரத்துக்கும் அதற்கும் ஒலியொற்றுமை தவிர வேறு உறவு கிடையாது. மெட்ராஸுக்கு உறவு உண்டு, சேலத்துக்கு உறவு இல்லை. இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே நிழலின் கீழ் வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. அன்று காலை என் மாணவர்களுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிட்டது.

மெய்ப்பாளர்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எச்சரித்தபடி தேடிப் பார்த்தேன், சேலம் தப்பியிருக்கிறது. ஆனால் வேறோர் அத்தியாயத்தில் ‘மெட்ராஸ் ஐ’ என்று மக்கள் சொல்லும் கண்நோய் ‘சென்னை ஐ’ ஆகியிருந்ததைக் கண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

எஞ்சியிருப்பது எழுத்து வடிவம். உள்ளூர் ஒலிப்பை மதித்து ‘மேட்ரஸ்’ என்று எழுதினால், படிப்பவருக்கு நினைவுக்கு வருவது மெத்தைக் கடைப் பலகைதான். ‘மெட்ராஸ்’ என்று எழுதினால் நம் ஊரோடு குழம்பும். ‘மதராஸ்’ என்ற பழைய வடிவத்தை அமெரிக்க ஊருக்கு ஒதுக்கி வேறுபடுத்தலாமா என்றும் ஓர் எண்ணம் வந்தது.

ஊர்ப்பெயர்_ஆர்வலர்

‘மதராஸ்’ வேண்டாம் ஐயா. 1969க்கு முந்தைய மதராஸ் மாநிலத்தை நினைவூட்டும் வடிவம் அது. குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. ‘மேட்ரஸ்’ என்பதும் எனக்கு உவப்பானதன்று. அந்த ஆங்கில உயிரொலிக்குத் தமிழில் நேரான எழுத்து இல்லாததால், ‘பேங்க்’ என்று எழுதிவிட்டு வேறுவிதமாக ஒலிப்பதைப் போல இங்கேயும் ஏகாரத்தை இரவல் வாங்குகிறோம். எவ்வாறு எழுதினாலும் உள்ளூர்க்காரரின் ஒலிப்பு முழுமையாக வந்துவிடாது. மேலும், ‘மேட்ரஸ்’ என்று எழுதிவிட்டால் பெயருக்குள் இருக்கும் வரலாறு மறைந்துவிடும். படிப்பவர் இது நம் ஊரின் பெயர்தான் என்று உணர்வதற்கு வாய்ப்பே இராது.

பெயரை ‘மெட்ராஸ்’ என்றே வைத்து, முதல்முறை வரும் இடத்தில் மாநிலத்தோடு சேர்த்து ‘ஓரிகனின் மெட்ராஸ்’ என்று எழுதுங்கள். அதன்பின் ‘அச்சிற்றூர்’, ‘ஓரிகன் மெட்ராஸ்’ என்று இடத்துக்கேற்பப் பயன்படுத்தலாம். 1996இல் சென்னை என்று பெயர் மாறியது நம் நகரத்துக்கு மட்டுமே. ஓரிகன் ஊர் அந்த அரசாணைக்கு உட்பட்டதன்று. அதே காரணத்தால்தான் 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், உயர் நீதிமன்றமும், ஐஐடியும் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்ற பெயரை இன்றுவரை விடாமல் வைத்திருக்கின்றன. தமிழில் அவற்றைச் ‘சென்னை’ சேர்த்துச் சொல்வது பழகிவிட்ட வழக்கு என்பதால் அடிக்குறிப்பில் உள்ளவற்றை அப்படியே விடலாம்.

தறிவீட்டுப்_பெண்

ஒலிப்புச் சான்றைப் பற்றி நீங்கள் கூறியதை ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. நியூ மேட்ரிட் எனக்குத் தோன்றவில்லை.

அடிக்குறிப்பு எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம் என்று மெய்ப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ‘துணியின் பெயரால் அமைந்த ஊர்’ என்று மட்டும் எழுதினால் தமிழ் வாசகருக்குப் புரியாது. ஏனெனில் தமிழில் மெட்ராஸ் என்பது துணியைக் குறிப்பதில்லை. நாம் நெய்து அனுப்பிய கட்டத்துணிக்கு வெளிநாட்டினர் நம் துறைமுகத்தின் பெயரை வைத்து வழங்கினார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் பெயர் சென்ற வழி விளங்கும்.

வில்லமெட்_வாசி

உள்ளூர் ஒலிப்பையும் அடிக்குறிப்பில் அரை வரியாகச் சேர்த்துவிடுங்கள். கிரகணத்தன்று நான் அங்கேதான் இருந்தேன்; காலை பத்து மணி இருபது நிமிட அளவில் இருட்டியது. வானம் தெளிவாக இருக்கும் என்ற நம்பிக்கையில் ஊர் கொள்ளாத கூட்டம் வந்திருந்தது. பெட்ரோல் நிலையத்தில் வழி கேட்ட நம்மவர் ஒருவர் ‘மெட்ராஸுக்கு எப்படிப் போவது’ என்று நம் பாணியில் கேட்க, ஊரின் நடுவில் நின்றுகொண்டிருந்த கடைப்பையன் அப்படியோர் ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொல்லிவிட்டான்.

மெய்ப்பாளர்

அடிக்குறிப்பை இவ்வாறு அமைத்திருக்கிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்.

“ஓரிகன் மாநிலத்தின் ஜெபர்சன் கவுண்டியில் உள்ள சிற்றூர். உள்ளூரில் முதலசையை அழுத்தி, ஏறக்குறைய ‘மேட்ரஸ்’ என ஒலிப்பர். இன்றைய சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான கட்டம் போட்ட பருத்தித் துணியை வெளிநாட்டினர் ‘மெட்ராஸ்’ என்றே அழைத்தனர். 1903இல் இவ்வூர் அத்துணியின் பெயரைப் பெற்றது என்பது பரவலான கூற்று. நகரத்தின் பெயரையே நேரடியாகப் பெற்றது என்று கூறுவோரும் உண்டு.”

கணினியில் இருந்த அந்தத் தானியங்கி மாற்றத்தையும் நீக்கச் சொல்லிவிட்டேன்.

தறிவீட்டுப்_பெண்

‘இன்றைய சென்னைத் துறைமுகத்திலிருந்து’ என்பதை ‘அன்றைய மதராசபட்டினக் கரையிலிருந்து’ என்று மாற்றுங்கள். முறையான துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், பொதிகளை மசூலாப் படகில் ஏற்றி அலைகளைத் தாண்டிக் கொண்டுபோய்த்தான் கப்பலில் சேர்த்தார்கள். நானும் மேலே துறைமுகம் என்றுதான் பொதுவாக எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகும் நூலில் அது சரியாக இருக்கட்டும்.